உள்ளூர்க்காரர்களுக்கு அறை இல்லை

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வெளியூர்க்காரர்கள் ஆகிவிடுவோம். அதற்கென்று தனி உடுப்பே வைத்திருந்தோம். எனக்கு முழங்காலுக்குக் கீழே நிற்கும் வெள்ளைக் கவுன். என் வீட்டுக்காரருக்கு இலை இலையாய் அச்சடித்த அரைக்கைச் சட்டை, ஒரு நார்த் தொப்பி. மகளுக்குப் பாதி முகத்தை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. குருசுக்குப்பத்துச் சந்தில் எங்கள் மாடிப்படியில் இந்தக் கோலத்தோடு இறங்கும்போதே எனக்கு உடம்பு லேசாகிவிடும். வெயில்கூட வேறு மாதிரி தெரியும். மற்ற நாளெல்லாம் மண்டையைப் பிளக்கிற அதே வெயில்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்களைத் தெரியாத ஓர் ஆட்டோக்காரர் பீச் ரோட்டுக்கு ஒரு கூலி சொன்னார். அடேயப்பா! சென்னையிலிருந்து வருகிறவர்களிடம் சொல்கிற கூலி. நடந்தே போய்விடக்கூடிய தூரம். வேறு நாளாக இருந்திருந்தால் நடுத்தெருவில் நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அன்றைக்கு எனக்கு உச்சி குளிர்ந்து போனது. பேரம்கூடப் பேசாமல் ஏறி உட்கார்ந்தேன்.

"ஏன்டி, நம்ம தெருவுலேர்ந்து நம்ம பீச்சுக்கு இவ்ளோ காசா?" என்று என் வீட்டுக்காரர் என் காதோரம் கிசுகிசுத்தார்.

"பேசாம வாங்க. நாம இப்ப பெங்களூர்," என்றேன்.

அவர் சிரித்தார். அவர் சிரித்தால் நான் எதையும் செய்வேன், அது என் பலவீனம். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டுகிறவர் அவர். வாரம் முழுக்க இரும்புச் சுருளும் கூலன்ட் எண்ணெயும்தான் அவர் உலகம். நான் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, "தண்ணி நல்லா குடிச்சிட்டு வாங்க, பாத்ரூம் போவாதீங்க" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருப்பவள். எங்கள் இரண்டு பேருக்கும் வாரத்தில் ஒரு நாள் வேறு யாராகவாவது இருக்கத் தோன்றியது. அதில் என்ன குற்றம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

கார்டு வந்தது அந்த மேசைக்குத்தான். பேங்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். லிப்ஸ்டிக் கலையாமல் பேசினாள். உங்கள் சம்பளத்துக்கு இவ்வளவு லிமிட் தருகிறார்கள் மேடம் என்று போனில் ஒரு தொகையைக் காட்டினாள். என் மாதச் சம்பளத்தைப் போல பல மடங்கு. அதைப் பார்த்ததும் எனக்குச் சம்பளம் கூடிவிட்டது போல ஒரு மயக்கம் வந்தது. அந்தப் பணம் பேங்குடையது, என்னுடையது அல்ல என்று எழுதப் படிக்கத் தெரிந்த எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பர்சைத் திறக்கும்போதெல்லாம் அந்த நீலக் கார்டு உள்ளே இருந்து, "நான் இருக்கிறேன்ல?" என்று கேட்பது போல் இருக்கும். அப்படிக் கேட்க எனக்கு அதுவரை ஒருத்தரும் இருந்ததில்லை.

ஊரே வந்து படமெடுக்கிற மஞ்சள் சுவர்த் தெருக்களில் ஒரு காபிக்கடை. பழைய வீட்டின் முற்றத்தில் மேசைகள் போட்டிருப்பார்கள். மேலே காகிதப்பூக் கொடி, கீழே அதன் நிழல். ஒரு காபியின் விலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு வாரத்துப் பால் வாங்கலாம். அதைச் சொல்லாமல் நாங்கள் குடித்தோம். மகள் குரோசான் ரொட்டியை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்காக நாக்கில் வைத்துக் கரைத்துத் தின்பாள். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். எங்கோ பிரெஞ்சுப் பாட்டு மெல்லக் கேட்கும். கடல் தெரியாது, ஆனால் காற்றில் அதன் ஈரம் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தை நான் எத்தனையோ இரவுகளில் திரும்பத் திரும்ப நினைத்திருக்கிறேன். பொய் சொல்ல மாட்டேன், இப்போதும் நினைக்கிறேன்.

மாதம் பிறந்தால் போனுக்கு ஒரு செய்தி வரும். அதில் இரண்டு தொகைகள். ஒன்று பெரியது, மொத்தம் கட்ட வேண்டியது. இன்னொன்று சின்னது, குறைந்தது இவ்வளவு கட்டினால் போதும் என்பது. நான் சின்னதைக் கட்டுவேன். எங்கள் தெரு மளிகைக்கடையில் பாக்கி இருந்தால் அப்படித்தான் செய்வோம். கையில் இருப்பதைக் கொடுத்தால் அண்ணாச்சி வாங்கிப் போட்டுக்கொண்டு, "மீதிய மெதுவா குடும்மா" என்பார். அடுத்த மாதம் அந்த மீதி அப்படியே இருக்கும், ஒரு காசு வளராது. பேங்கும் அண்ணாச்சி மாதிரிதான் என்று நான் எப்படியோ நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கனவு கலைந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்திருக்கலாம்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. பழைய காலத்து வீட்டின் மாடிப் போர்ஷன் அது. கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து மறைந்தவர், ஒரே மகன் பாரீசுப் பக்கம் குடியேறிவிட்டான். தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். முன்னறையில் தேக்கு உத்தரம். கிழக்கு ஜன்னலைத் திறந்தால் ஓட்டுக்கூரைகளுக்கு நடுவே ஒரு கைக்குட்டை அளவுக்குக் கடல் தெரியும். கல்யாணமாகி நேராக அந்த வீட்டுக்குத்தான் வந்தேன். மகளை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்ததும் அங்கேதான்.

அவள் பிறந்தபோது அவர் பட்டறையில் மிச்சமிருந்த எஃகுக் கம்பியை லேத்தில் கொடுத்து இரண்டு கொக்கிகள் செய்தார். உள்ளே சின்னதாகப் பேரிங் வைத்து, எவ்வளவு ஆட்டினாலும் சத்தம் வராதபடி. ஏணி போட்டு உத்தரத்தில் துளைபோட்டு முடுக்கினார். துளைபோடும் சத்தம் கேட்டு மதாம் படியேறி வந்துவிட்டார்.

"மோன் தியூ! ஆண்டவனே! எங்க மாமனார் பர்மாவுலேர்ந்து கொண்டாந்த மரம்பா இது! ஓட்ட போட்டுட்டியே!"

"கொழந்த தூங்கணும்ல மதாம்," என்றார் இவர், ஏணியிலிருந்து இறங்காமலே.

முதலில் அந்தக் கொக்கிகளில் புடவைத் தூளி ஆடியது. மகள் வளர்ந்ததும் பலகை மாட்டி ஊஞ்சல் ஆக்கினோம். சாயங்காலங்களில் மதாம் அதிலே வந்து உட்கார்ந்து, காலைத் தரையில் தொட்டும் தொடாமலும் ஆட்டிக்கொண்டு, மகனிடம் போனில் பிரெஞ்சும் தமிழும் கலந்து பேசுவார். உத்தரத்தின் ஓட்டையை மறந்துவிட்டார். ஆடினால் ஒரு சின்ன முனகல்கூட வராது. அதில்தான் இவருக்கு அவ்வளவு பெருமை.

அப்படி ஒரு சாயங்காலம்தான், சித்திரை வெயில் இறங்கிக்கொண்டிருந்தபோது, மதாம் ஊஞ்சலை நிறுத்திவிட்டுப் பேச்சை எடுத்தார்.

"இந்தா பாரும்மா. எம்புள்ள தெனமும் போன்ல சொல்றான். தெருவுல எல்லாரும் ஹோம்ஸ்டே போட்டுட்டாங்களாம். மாடிய வெள்ளையடிச்சு, ஏசி போட்டு உட்டா, சனி ஞாயிறு வாடகையே உங்க மாச வாடகைய தாண்டிடுமாம். எனக்கு மனசு வரல. தெருப்பக்கம் செவுரு விரிசல் உட்டுருக்கு, அத கட்டணும். நீங்க பொங்கலுக்குள்ள போகியம் போட்டுக்கறீங்களா? மொத்தமா ஒரு தொக குடுத்துட்டா செவுரையும் கட்டிடுவேன், நீங்களும் வருஷக் கணக்குல வாடக இல்லாம இருக்கலாம். எம்புள்ள வாயையும் அடைச்சிடுவேன்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கொக்கியைப் பார்த்தார். போகியப் பணம் காலி செய்யும்போது திரும்பி வரும் பணம், வீணாகாது. கையில் கொஞ்சம் சேமிப்பு, என் நகை கொஞ்சம், மீதிக்கு அவர் பெயரிலும் என் பெயரிலும் சேர்ந்து பேங்கில் ஒரு பெர்சனல் லோன். நடக்கக்கூடியதுதான். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் ஊஞ்சலில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஆடினோம். இனிமேல் இந்த வீட்டை விட்டு யாரும் எங்களை எழுப்ப முடியாது என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பொங்கல் அப்போது எங்கோ தொலைவில் இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அடுத்த மாதம் வந்ததும் அதற்கு அடுத்த மாதத்திலிருந்து என்றோம். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் வெள்ளைக் கவுன் தானாகவே கட்டிலில் வந்து விரிந்துகொள்ளும். அந்த வருஷம் காற்று அப்படி. மழை முன்கூட்டியே வந்து, தெருவெல்லாம் கழுவிவிட்டு, மஞ்சள் சுவர்களில் ஈரம் ஏறி நிறம் கெட்டியாகிவிட்டது. அதில் நடந்தால் காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்றே தெரியாது. காபிக்கடையோடு நிற்காமல் ஒரு தோல்பை, அவருக்கு ஒரு செருப்பு, மகளுக்கு ஒரு பிரெஞ்சுப் படப்புத்தகம் என்று அந்த நீலக் கார்டு தேய்ந்துகொண்டே இருந்தது.

எங்கள் கல்யாண நாள் வந்தது. எல்லாக் கூத்துக்கும் சிகரமாக நான் ஓர் அறை போட்டேன். பழைய மாளிகையைப் புதுப்பித்து ஓட்டலாக்கியிருந்தார்கள், நடுவில் நீச்சல்குளம், கொசுவலை கட்டிய நாலு கால் கட்டில். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். சின்ன வயதில் அதன் இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு ராத்திரி அந்தக் கேட்டுக்கு உள்ளே தூங்க வேண்டும், அதற்கப்புறம் செத்தாலும் செலவு கிடையாது, சேமிப்புதான் என்று அவரிடம் சொன்னேன்.

"லிமிட் இருக்குதா?" என்றார்.

"தொட்டும் தொடாமலும் இருக்குது," என்றேன். முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி, ஆனால் ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று போட்டிருந்தது. ரத்து யார் செய்யப் போகிறார்கள்? கட்டிவிட்டேன்.

மதிய நேரம். சக்கரம் வைத்த பெட்டியை அவர் இழுத்துக்கொண்டு வந்தார், அது கல்தெருவில் கடகடவென்று கத்திக்கொண்டே வந்தது. மகள் கறுப்புக் கண்ணாடியோடு முன்னால் நடந்தாள். வரவேற்பில் ஓர் இளைஞர், வெள்ளைச் சட்டை, மேலே ஒரு கையில்லாக் கோட்டு. எலுமிச்சைப்புல் போட்ட குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். நான் ராணி மாதிரி அதை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் எங்கள் ஆதார் கார்டுகளை வாங்கிப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை பார்த்தார்.

"சாரி மேம். லோக்கல் ஐடி நாங்க எடுத்துக்கறதில்ல."

"என்னாது?"

"உள்ளூர் அட்ரஸ் இருக்குறவங்களுக்கு ரூம் குடுக்குறதில்ல மேம். பாலிசி. புக்கிங்லயே கீழ போட்டிருக்கும்."

எனக்குக் கோபம் நடுமண்டையில் ஏறியது. "ஏன்? உள்ளூர்க்காரி படுத்தா உங்க கட்டில் ஒடிஞ்சிடுமா? புருஷன் பொண்டாட்டிதானேன்னு சந்தேகமா? கல்யாண சர்ட்டிபிகேட் எடுத்தாறட்டுமா? பக்கத்துலதான் வீடு, போன வேகத்துல எடுத்தாந்துடுவேன்!"

"அதான் மேம் பிரச்சனையே," என்றார் அந்த இளைஞர், கொஞ்சம் பாவமாக.

பக்கத்தில் வீடு இருப்பதுதான் பிரச்சனை. கத்தினேன். மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து இன்னும் மரியாதையாக அதையே சொன்னார், பணம் திரும்பாது என்பதையும் சேர்த்து. மகள் நீச்சல்குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நீலம். கடைசியில் என் வீட்டுக்காரர்தான் என் தோளைத் தொட்டு, "வா, போலாம்," என்றார்.

பெட்டியோடு வீட்டுக்குத் திரும்ப வெட்கமாக இருந்தது. பீச் ரோட்டில் கருங்கற்களுக்கு மேலே உட்கார்ந்தோம். சங்குமாலை விற்கிறவர் வந்து எங்களிடம் ஆங்கிலத்தில் விலை சொன்னார். மகள் தூங்கிப் போனாள். கடல் சாயங்காலத்துச் சாம்பல் நிறத்துக்கு மாறி, அலை கல்லில் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் என் போனை வாங்கி, கார்டுக் கணக்கைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தா," என்றார் மெதுவாக. "நாம மாசா மாசம் கட்டுனோம்ல?"

"ஆமா. ஒரு மாசம் உட்டதில்ல."

"அது முக்காவாசி வட்டிக்கே போயிருக்குதுடி. மீதி வெச்சா புதுசா வாங்குறதுக்கும் மொத நாள்லேர்ந்தே வட்டியாம். நாம குடிச்ச மொத காபியே இன்னும் கட்டி முடியல."

எனக்கு அப்போது கோபம்கூட வரவில்லை. மகளின் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். திரும்பி நடந்தே வந்தோம், ஆட்டோ வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. லோன் கேட்டுப் பேங்குக்குப் போனபோது, அங்கே கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்தவர் என் கணக்கைத் திறந்து பார்த்தார். பிறகு, உங்கள் வீட்டுக்காரர் பெயரில் கொஞ்சம் கிடைக்கும், உங்கள் பெயரைச் சேர்க்க முடியாது என்றார். லிமிட் முழுவதையும் தொட்டு வைத்திருக்கிறீர்கள், பல மாதமாகக் குறைந்தபட்சம் மட்டுமே கட்டியிருக்கிறீர்கள், கிரெடிட் ஸ்கோர் விழுந்துகிடக்கிறது என்றார். நாள் தவறாமல் கட்டியிருக்கிறேனே என்று கேட்டேன். அதனால்தான் இன்னும் மோசமாகவில்லை மேடம் என்றார். நகையை வைத்தோம். வீட்டுக்காரரின் அக்கா கொஞ்சம் கொடுத்தார். எல்லாம் சேர்த்தும் மதாம் கேட்ட தொகைக்கு எட்டவில்லை. ஓட்டலிலும் காபிக்கடையிலும் தோல்பையிலும் போனது இருந்திருந்தால் எட்டியிருக்கும். அந்தக் கணக்கை அவர் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. நானே போட்டுப் பார்த்தேன், அதுவும் ஒரே தடவை.

மதாம் பொங்கல் தாண்டியும் காத்திருந்தார். மாசி மாதம் மாடிக்கு வந்து, ஊஞ்சலில் உட்காராமல், நின்றுகொண்டே பேசினார்.

"நான் என்னா பண்ணட்டும்மா? செவுரு அடுத்த மழைக்குத் தாங்காது. எம்புள்ள காசு அனுப்பறேங்கறான், ஆனா மாடிய ஹோம்ஸ்டேக்கு உட்டாத்தான் அனுப்புவானாம்."

"நீங்க என்னா பண்ணுவீங்க மதாம்," என்றேன். அப்புறம் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மதாம் மேல் கோபப்பட ஆசையாக இருந்தது. காரணம் கிடைக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் மாதிரி ஊருக்குள் திரிந்தோம், கடைசியில் வெளியூர்க்காரர்களுக்காகவே வீட்டைக் காலி செய்தோம். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

சாமான் ஏற்றும் நாளில் என் வீட்டுக்காரர் கொக்கிகளைக் கழற்ற ஏணியில் ஏறினார். கொஞ்ச நேரம் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"கழட்டுனா மரம் பொளந்துடும்," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பலகையை மட்டும் வண்டியில் போட்டோம்.

வீராம்பட்டினம் பக்கம் வாடகை குறைவு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். அங்கேயும் கடல் சத்தம் கேட்கும், அதில் குறையில்லை. பேங்குக்குப் போன் போட்டுக் கார்டு பாக்கியை மாதத் தவணையாக மாற்றிக்கொண்டோம், வட்டி பாதிக்கும் கீழே வந்தது. இதை முதல் மாதமே கேட்டிருக்கலாம். அவர் இரண்டாவது ஷிப்டும் பார்த்தார். வெள்ளைக் கவுனை வெட்டி மகளுக்கு இரண்டு பாவாடை தைத்தேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் மீன் காயும் இடமெல்லாம் ஓடி, முதல் வாரமே கறையாக்கிவிட்டாள்.

கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டீர்களா என்று எல்லோரும் கேட்பார்கள். ஏன் கிழிக்க வேண்டும்? அது என்ன பாவம் செய்தது? இன்னும் என் பர்சில்தான் இருக்கிறது. கேஸ் சிலிண்டருக்கும் ஸ்கூல் பீசுக்கும் அதைத்தான் தேய்க்கிறேன். தேய்த்த அன்று சாயங்காலமே அதே தொகையைச் சம்பளக் கணக்கிலிருந்து தனியாக ஒதுக்கி வைத்துவிடுவேன். கணக்கில் அவ்வளவு இல்லையென்றால் அந்தப் பொருள் எனக்கு இல்லை, அவ்வளவுதான். மாதம் பிறந்ததும் செய்தி வந்தால் பெரிய தொகையைப் பார்த்துக் கட்டுகிறேன். சின்னத் தொகை இருக்கும் பக்கமே என் கண் போவதில்லை. இது ஒரு பெரிய வித்தை இல்லை. எனக்கு அது வர ஒரு வீடு போக வேண்டியிருந்தது.

பாக்கி தீர்ந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு விடுமுறை நாளில், மகள் என் போனை நோண்டிக்கொண்டிருந்தவள் கத்தினாள்.

"அம்மா! அப்பாவோட கொக்கி!"

அறை வாடகைக்கு விடும் ஒரு தளத்தில் எங்கள் மாடி இருந்தது. சுவரெல்லாம் வெள்ளை. கிழக்கு ஜன்னலுக்கு வெண்ணிறத் திரை. உத்தரத்தை மெழுகு தேய்த்து மினுக்கியிருந்தார்கள். அவருடைய இரண்டு கொக்கிகளிலும் பித்தளைச் சங்கிலி போட்டுப் பிரம்பு ஊஞ்சல் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு ராத்திரிக்கு விலை போட்டிருந்தது. நான் அதைப் படித்துவிட்டுப் போனை அவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் விலையைப் பார்க்கவில்லை. கீழே தங்கிப்போனவர்கள் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தார். அழகான இடம். அமைதியான இடம். ஜன்னலில் கடல். பிறகு ஒருவர் எழுதியிருந்தார்: எல்லாம் அருமை, ஊஞ்சல்தான் ஆடும்போது ரொம்பக் கிறீச்சிடுகிறது.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். வீடு போனபோதுகூட அப்படி இருந்ததில்லை.

"எங்கொக்கி கிறீச்சுடுதா?"

"உப்புக் காத்துல்ல. எண்ண போட ஆளில்ல," என்றேன்.

அன்று சாப்பாட்டில் அவர் கை நிற்கவில்லை, பிசைந்துகொண்டே இருந்தது. "ஒரு ராத்திரி போட்டுடலாமா? கையில காசு இருக்குது. முழுசா கட்டிடலாம்," என்றார். மகளும் என் முகத்தையே பார்த்தாள். நான் பட்டனை அழுத்தும் முன் இந்தத் தடவை அடிவரை இறங்கிப் படித்தேன். எதிர்பார்த்த வரி அங்கே இருந்தது. உள்ளூர் முகவரி உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை.

மதாமுக்குப் போன் செய்தேன். அவர் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"அய்யோ, அது எம்புள்ள போட்ட ரூல்மா. அவன் அங்கேர்ந்தே காமிராவுல யார் வர்றா போறான்னு பாக்கறான். ஒண்ணு பண்ணு. ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு ஒரு கும்பல் காலி பண்றாங்க. ரெண்டு மணிக்குதான் அடுத்தவங்க வருவாங்க. நடுவுல பெருக்கித் தொடைக்கறவங்க வர்ற நேரம். அப்ப வாங்க. அவன் கேட்டா ரிப்பேர் பாக்க வந்தாங்கன்னு சொல்லிக்கறேன்."

போனோம். பஸ்ஸில் போய், அந்தச் சந்தில் நடந்து, அதே படி ஏறினோம். அவர் பையில் ஸ்பேனரும் எண்ணெய்க் குப்பியும் இருந்தன. ஏணி போட்டு ஏறி, கொக்கியின் உள்ளே துடைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டார். பிறகு மகளை உட்காரவைத்து ஆட்டிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒரு சத்தமும் இல்லை. மதாம் வந்து தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். திரை உள்பக்கமாக ஊதி ஊதி இறங்கியது. ஓட்டுக்கூரைகளுக்கு நடுவே அந்தக் கைக்குட்டை அளவு கடல் அப்படியே இருந்தது. மகள் ஊஞ்சலிலேயே தூங்கிவிட்டாள். என் வீட்டுக்காரர் தரையில் படுத்து, கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு கொக்கியைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடினார். நானும் கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பேன். ஈரத் துணியைக் கொடியில் போட்டேனா, அரிசி ஊறவைத்தேனா என்று ஏதோ ஒரு பழைய கவலை மனதில் ஓடியது. அந்த வீட்டிலேயே இன்னும் குடியிருக்கிறோம் என்றுதான் அந்த நேரம் முழுக்க எனக்கு நினைப்பு.

காலிங் பெல் அடித்தது.

மதாம் கீழே போய்விட்டிருந்தார். நானே எழுந்து கதவைத் திறந்தேன். படியில் ஒரு பையனும் பெண்ணும், புதுசாகக் கல்யாணமானவர்கள் போல. சக்கரம் வைத்த பெட்டி. அவனுக்கு இலை இலையாய் அச்சடித்த சட்டை, அவளுக்கு வெள்ளைக் கவுன்.

"சாரிக்கா, கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டோம்," என்றாள் அவள், நல்ல சென்னைத் தமிழில். முகமெல்லாம் மினுமினுத்தது. "எவ்ளோ நாள் பிளான் தெரியுமா! நீங்கதான் ஓனரா?"

முழுசாக் கட்டினியா, இல்லை மாதா மாதம் சின்னதைக் கட்டப் போறியா என்று கேட்க நாக்கு துடித்தது. அவள் சந்தோஷத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. உள்ளே அவர் தூங்குகிற மகளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, எண்ணெய்க் குப்பியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். ஊஞ்சல் ஆளில்லாமல், சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா," என்றேன். "நாங்க சும்மா சுத்திப் பாக்க வந்தோம்."

"அட, நாங்களும்தான்!" என்றாள் அவள்.

நாங்கள் ஒதுங்கி நின்று, அவர்களுக்கு வழி விட்டோம்.